மார்கழி வெயிலில் தேன்பெட்டி: திறப்பதா, வாசலில் நின்று பார்ப்பதா?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நான்கைந்து நாள் தொடர்ந்து வெயில் அடித்தால், சென்னையில் மாடியிலும் கொல்லையிலும் தேனீ வளர்ப்பவர்களுக்குக் கை பரபரக்கும். மூடியைத் திறந்து, தேனீக்கள் மெழுகு அடை கட்டியிருக்கும் மரச் சட்டங்களை எடுத்துப் பார்ப்பது ஒரு வழி. மூடியைத் தொடாமல் வாசலையும் எடையையும் வைத்துக் கணிப்பது இன்னொரு வழி. நான் இரண்டாவதன் பக்கம் நிற்கிறேன். ஆனால் இரண்டு விஷயங்களில் அது போதாது.

குளிர் நாடுகளில் திறக்கத் தயங்குவதற்குக் காரணம் குளிர்தான். நமக்கு அந்தக் கவலை குறைவு. தேனீப் புழு வளரும் அடை ஏறக்குறைய 35 டிகிரியில் இருக்க வேண்டும். சென்னையில் ஜனவரிப் பகலே 29, 30 டிகிரியைத் தொடுகிறது. காலை பத்து மணிக்கு மேல் திறந்தால் சூடு பெரிதாகக் குறைந்துவிடாது. இங்கே பயம் வேறு. நாம் வளர்க்கும் இந்தியத் தேனீ, தொந்தரவு மிகுந்தால் பெட்டியையே காலி செய்துவிட்டுப் போய்விடும். பசியில் இருக்கும் கூட்டம் இன்னும் எளிதாகக் கிளம்பும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டியதுபோல் விடாமல் மழை பெய்தால், தேனீக்கள் பறக்க வழியின்றி, சேமித்த தேனையே தின்று தீர்க்கின்றன. அப்படிப்பட்ட கூட்டத்தை வாரந்தோறும் பிரித்துப் பார்ப்பது கொடுமை.

வாசலில் கால் மணி நேரம் உட்கார்ந்தாலே நிறையத் தெரியும். வேலைக்காரத் தேனீக்கள் பின்னங்கால்களில் மகரந்த உருண்டையோடு நுழைந்தால், உள்ளே புழுக்களுக்குத் தீனி போகிறது என்று பொருள். செத்த புழுக்களை இழுத்துவந்து வெளியே போட்டால் எச்சரிக்கையாக வேண்டும்: 1991, 92-இல் தென்னிந்தியத் தேன்பெட்டிகளைச் சூறையாடிய தாய் சாக்புரூட் வைரஸ் புழுக்களைத்தான் கொல்கிறது. பெட்டியின் பின்பக்கத்தை ஒரு விரற்கடை தூக்கிப் பார்த்தால் தேன் இருப்பு கைக்கே தெரிந்துவிடும். மழைக்கு முன்பும் தூக்கிப் பார்த்திருந்தால் வித்தியாசம் உடனே புரியும்.

வாசல் காட்டாத இரண்டு விஷயங்கள் உண்டு. ராணி இறந்த பிறகும் சில நாள்களுக்கு மகரந்தம் வந்துகொண்டிருக்கும். திறந்தால் சந்தேகம் தீரும். ராணியைத் தேடி அலையக்கூட வேண்டாம். முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடுவதால், அடையின் சிற்றறைகளில் முட்டை இருந்தால் மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது.

இரண்டாவது மெழுகு அந்துப்பூச்சி. மழைக்குப் பிறகு எனக்குப் பெரிய கவலை இதுதான். கூட்டம் இளைத்து, தேனீக்கள் மூடாத அடைகள் மிஞ்சும்போது அதன் புழு அவற்றைத் துளைத்து நூலாம்படை பின்னிவிடும். வெளியே தெரியும்போது பாதி அடை போயிருக்கும்.

இதற்கு நான் பரிந்துரைப்பது இரண்டுக்கும் நடுவிலான வழி. நியூட்டன் வகைத் தேன்பெட்டியில் அடிப்பலகை தனியாக வரும். புழு வளரும் அடைகள் உள்ள அறையை அப்படியே தூக்கிப் பக்கத்தில் வைத்து, பலகையைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். மெழுகுத் தூளுக்கு நடுவே கறுப்பு எச்சமோ நூலோ கிடந்தால் மட்டும் சட்டங்களை எடுங்கள். மகரந்த வரத்து நின்றிருந்தாலும் எடுக்கலாம். இரண்டும் இல்லையென்றால் அறையைத் திரும்ப வைத்துவிடுங்கள். முழுத் திறப்பு மழைக்குப் பின் ஒருமுறை போதும் என்பது என் கருத்து.

எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டிக் கால்களுக்கடியில் வைக்கும் தண்ணீர்க் கிண்ணங்களையும் அன்றே பாருங்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். சில சொட்டு எண்ணெய் விடுவது நல்லது.

பெட்டி இலேசாக இருந்தால் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகு கொடுங்கள். மாலையில், பெட்டிக்கு உள்ளேயே, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் வைக்க வேண்டும். சிந்தினால் எறும்பும் பக்கத்துக் கூட்டத்துத் தேனீக்களும் கொள்ளையடிக்க வந்துவிடும். மா பூக்கத் தொடங்கி, பெட்டியின் பின்பக்கம் மறுபடி கனத்ததும் பாகை நிறுத்திவிடலாம்.