அட்டாச்மெண்டா, லிங்கா, வாட்ஸ்அப்பா? பழைய குடும்பக் காகிதங்களை அனுப்பும் வழி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் பீரோவுக்குள் கிடந்த பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து சொந்தக்காரர்களுக்கு அனுப்பும் வேலை நடக்கிறது. டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கு, டோங்காட்டிலிருந்து லண்டனுக்கு, ஊர்ப்பெயர் தெரிந்தவர்கள் வேலூர்ப் பக்கத்துக்கும்கூட. 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்து சேர்ந்தது முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தார்கள். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். பல வீடுகளுக்கு ஊரோடு மிஞ்சியிருக்கும் தொடர்பே அந்த ஒரு வரிதான்.

அதனால் எந்த வழி சுலபம் என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். அனுப்பி முடித்த பிறகு கோப்பு யார் கையில் இருக்கிறது? முதலில் கேட்க வேண்டியது இது.

வாட்ஸ்அப்பை முதலில் முடித்துவிடலாம். சேதி சொல்ல அதைவிட நல்லது இல்லை. ஆனால் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். மங்கிப்போன மையில் எழுதிய 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாமல் போக இதுவே போதும். 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்து அனுப்பினால் அசல் அப்படியே போகும், 2 ஜிபி வரை. சரி, போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷம் பொங்கல் வாழ்த்துகளுக்கும் கல்யாண வீடியோக்களுக்கும் அடியிலிருந்து அதை யார் தேடி எடுப்பது? பேக்கப் இல்லாத போன் தொலைந்தால் அதுவும் இல்லை.

இனி நிஜமான போட்டி: கோப்பையே மெயிலோடு இணைத்து அனுப்பும் அட்டாச்மெண்டா, கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றிவைத்து அதன் முகவரியை மட்டும் அனுப்பும் லிங்கா?

அளவில் லிங்க் ஜெயிக்கிறது. ஏ4 தாளை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) கலரில் ஸ்கேன் செய்து, சுருக்காத டிஃப் (TIFF) படக்கோப்பாக வைத்தால் ஒரு பக்கமே சுமார் 26 எம்பி வரும். ஜிமெயிலில் அனுப்பும் எல்லை 25 எம்பி, ஐகிளவுட் மெயிலில் 20. போதாததற்கு, அட்டாச்மெண்டை எழுத்துகளாக மாற்றித்தான் மின்னஞ்சல் சுமந்து போகிறது. 1992-ல் வந்த மைம் (MIME) என்ற முறை இன்றும் அப்படித்தான் வேலை செய்கிறது. மூன்று பைட் நான்காகும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடும். எதிர்ப்பக்கத்து அலுவலக மெயில் 10 எம்பியிலேயே கதவைச் சாத்துவதும் உண்டு. ஆகவே அதே பக்கத்தை நல்ல தரமான ஜேபெக்காகவோ பிடிஎஃப்பாகவோ மாற்றி, ஒரு மெயிலுக்கு 7 எம்பிக்குள் அனுப்புங்கள். பெரும்பாலும் எங்கும் திரும்பி வராது, கண்ணுக்கு எழுத்தும் தெளிவாகத் தெரியும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 25 எம்பியைத் தாண்டினால் ஜிமெயில் தானாகவே கோப்பை டிரைவில் ஏற்றி, லிங்கை மட்டும் அனுப்பும். அனுப்பியவர் கோப்பையே கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் பெரியம்மா தட்டிப் பார்த்தால் 'அனுமதி கேளுங்கள்' என்று வந்து நிற்கும். அவர் அனுமதி கேட்கமாட்டார். போனை மூடி வைத்துவிடுவார்.

அனுமதி சரியாக இருந்தாலும் லிங்கின் பெரிய பலவீனம் அப்படியேதான் இருக்கிறது. கோப்பு அனுப்பியவர் கணக்கிலேயே தங்குகிறது. இரண்டு வருஷம் யாரும் உள்ளே நுழையாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையை கூகுள் 2023-ல் அறிவித்தது. நம் குடும்பங்களில் இந்தக் காகிதங்களைச் சேர்த்து வைப்பவர்கள் யார்? எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள். அவர் போன பிறகு கடவுச்சொல் யாருக்கும் தெரியாவிட்டால், அவர் கொடுத்த லிங்குகள் எல்லாம் ஒரு நாள் வெறும் நீல எழுத்தாகிவிடும். அட்டாச்மெண்ட் அப்படி இல்லை. பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்துப் பெட்டியில் பத்துப் பிரதி. என் தேர்வு அட்டாச்மெண்ட் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். லிங்கைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள், கூகுள் கணக்கு அமைப்பில் கணக்கு செயல்படாமல் போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று குறித்து வைக்கலாம். பத்துப் பேர் வரை சேர்க்க முடியும்.

லிங்க் நிச்சயமாக நல்லது என்று சொல்லும் இடங்களும் உண்டு. அடையாள அட்டை நகல், வங்கிக் காகிதம் போன்றவற்றை அட்டாச்மெண்டாக அனுப்பினால் திரும்பப் பெற முடியாது. லிங்கை வேலை முடிந்ததும் மூடிவிடலாம். வளர்ந்துகொண்டே இருக்கும் வம்சாவளிப் பட்டியலுக்கும் லிங்கே மேல். இல்லாவிட்டால் 'கடைசி', 'கடைசி2', 'புதிய கடைசி' என்று ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு சண்டை போடுவோம்.

டேட்டா செலவையும் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலில் இங்குள்ள செல்போன் நிறுவனமான வோடகாம் 1 ஜிபி மாத டேட்டா பண்டிலை 149 ராண்டிலிருந்து (தென்னாப்பிரிக்க நாணயம்) 99-க்குக் குறைத்தது. அந்த விலைக்கே கணக்குப் போட்டால் 10 எம்பி இறக்க ஏறக்குறைய ஒரு ராண்ட். பண்டில் தீர்ந்த நேரத்தில் இன்னும் கூடும். பென்ஷனில் இருப்பவர்களுக்குச் சின்னக் கோப்பாக அனுப்புவதுதான் மரியாதை.

அப்புறம், தமிழில் தட்டச்சு செய்த கோப்பு என்றால் வேர்டில் அனுப்பவே வேண்டாம். பழைய எழுத்துருவில் அடித்தது அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகத் திறக்கும். எழுத்துருவை உள்ளே சேர்த்த பிடிஎஃப் எங்கும் ஒரே மாதிரி தெரியும்.

எந்த வழியில் அனுப்பினாலும் கப்பல் பெயர், எண், தகப்பன் பெயர், ஊர் நான்கையும் மின்னஞ்சலின் உடம்பிலேயே தட்டச்சு செய்துவிடுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். பேரப்பிள்ளை பிற்பாடு தேடும்போது பெட்டியின் தேடல் நிச்சயமாகப் படிப்பது அந்த நான்கு சொற்களைத்தான். படத்துக்குள் இருக்கும் கையெழுத்தை அது படிக்கும் என்று நம்பி விட முடியாது.