டீசல் டியூனிங் பாக்ஸ்: கப்ளரில் செருகும் பொய்

சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு கப்ளர், ஒரு முழம் வயர், பக்கத்தில் திருகுவதற்கு ஒரு டயல். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் ஒரே உயர் அழுத்தக் குழாய், அதுதான் ரெயில்) டீசல் இன்ஜின் உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு ‘டியூனிங் பாக்ஸ்’ என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இவ்வளவுதான். 30 சதவீதம் கூடுதல் பவர், மைலேஜும் ஏறும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். மணலிலும் ஏற்றத்திலும் இழுவை கூடுமா? கூடும். டிபிஎஃப் (எக்ஸாஸ்டில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டிக்கு வாங்கலாமா? வேண்டாம். காரணம் பெட்டி வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

பேருக்குத்தான் டியூனிங். இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியுவுக்குள் இருக்கும் ஒரு எண்ணைக்கூட இது தொடுவதில்லை. ரெயில் பிரஷர் சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, சென்சார் சொல்வதைக் குறைத்துச் சொல்கிறது. சென்சாருக்கு மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். சிக்னல் 0.5 வோல்ட் என்றால் பிரஷர் பூஜ்யம், 4.5 என்றால் 2000 பார் (பிரஷரை அளக்கும் அலகு) என்று அமைந்த சென்சாரை எடுத்துக்கொள்வோம். (உச்ச அளவு வண்டிக்கு வண்டி மாறும்.) அப்படியென்றால் ஒரு வோல்ட்டுக்கு 500 பார். 1600 பாரில் சென்சார் 3.7 வோல்ட் அனுப்பும். பெட்டி அதில் 0.2 வோல்ட்டை விழுங்கிவிட்டு 3.5 என்று நீட்டினால், 1500 பார்தான் இருக்கிறது என்று நம்பி இசியு இன்னொரு 100 பார் ஏற்றச் சொல்லும். ரெயிலில் இப்போது 1700. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறவில்லை, உள்ளே போகும் டீசல் மட்டும் கூடிவிட்டது.

எவ்வளவு கூடியது என்பதில்தான் விளம்பரம் உதைக்கிறது. இன்ஜெக்டர் துளை வழியாகப் போகும் டீசல், ஏறத்தாழ பிரஷரின் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடும். 1600-ஐ 1700 ஆக்கினால் கிடைப்பது 3 சதவீதம். பிரஷர் கூடும்போது ஊசி சற்று வேகமாகத் திறப்பதால் இன்னும் கொஞ்சம் சேரலாம், அவ்வளவுதான். 10 சதவீதம் வேண்டுமென்றால் 1936 பார். அட்டையில் இருக்கும் 30 சதவீதத்துக்கு 2700 பாரைத் தொட வேண்டும். 1800, 2000 பாருக்குச் செய்த பம்ப் அந்தப் பக்கமே போகாது. ரெயிலில் லிமிட்டர் வால்வு இருந்தால் அதற்கு வெகுமுன்பே திறந்து பிரஷரைக் கொட்டிவிடும். ரெயிலில் பிரஷர் போதவில்லை என்ற பி0087 எரர் கோடு விழும், வண்டி பவரைக் குறைத்துக்கொண்டு லிம்ப் மோடுக்குப் போகும், ஏற்றத்தின் நடுவில்.

அப்படியானால் ஓட்டும்போது தெரியும் பிக்கப் எங்கிருந்து வருகிறது? நடு ஆர்பிஎம்மிலிருந்து. பாதி ஆக்சிலரேட்டரில் ரெயில் 800 பாரில் இருக்கிறது என்று வையுங்கள். அங்கே 200 பார் ஏற்ற இடம் உண்டு, டீசல் கிட்டத்தட்ட 12 சதவீதம் கூடும். சிக்கல் என்னவென்றால், டர்போ இன்னும் முழுக் காற்றைத் தர ஆரம்பிக்காத இடமும் அதுதான். வந்த காற்றை ஏர்ஃப்ளோ சென்சாரில் அளந்து, அதற்கு இவ்வளவு டீசல்தான் என்று நிறுத்தும் புகைக் கட்டுப்பாடு இசியுவில் இருக்கிறது. பெட்டி திருட்டுத்தனமாக அனுப்பும் டீசல் அந்தக் கணக்கில் ஏறாது. பின்னால் வருபவருக்குக் கரும்புகை தெரியும், டிபிஎஃப் இருந்தால் யாருக்கும் தெரியாது. அத்தனை கரியும் ஃபில்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சாலையில் ஓடும் காரைவிட மலைப்பாதை வண்டிக்கு இது பெரிய தொல்லை. ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்க, அங்கே சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்காக இசியு கடைசி நேரத்தில் கொஞ்சம் டீசலைத் தெளிக்கும். லோ ரேஞ்சில் பாறைமேல் ஊர்ந்துகொண்டிருந்தால் எக்ஸாஸ்ட் சூடேறாது. எரிப்பு பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறையும் தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்து, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்றுங்கள். பி2463 வந்துவிட்டால் ஃபில்டரில் கரி மிஞ்சிவிட்டது என்று பொருள். அதன் பிறகு பெட்டியை வைத்துக்கொண்டு ஓட்டுவது வீம்பு.

‘டிபிஎஃப், ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) இரண்டையும் எடுத்துவிட்டால் தீர்ந்தது’ என்று சில கடைகளில் பேக்கேஜ் போட்டுத் தருவார்கள். சாலைக்குப் பதிவான வண்டியில் பெரும்பாலான நாடுகளில் அது சட்டவிரோதம். வேலைக்கும் ஆகாது: ஈஜிஆரைத் தகடு வைத்து அடைத்தால் எதிர்பார்த்ததைவிட அதிகக் காற்று உள்ளே வருவதை ஏர்ஃப்ளோ சென்சார் சொல்லிவிடும், ஈஜிஆர் ஓட்டம் போதவில்லை என்ற பி0401 வந்து நிற்கும்.

பெட்டிகளிலும் தரம் உண்டு. மட்டமானவற்றுக்குள் வெறும் ரெசிஸ்டர்தான். அது ஐடில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடுவது) உட்பட எல்லா நேரமும் குறைத்துக்கொண்டே இருக்கும். சாவி போட்டதும் சிக்னல் இசியு ஏற்கும் வரம்புக்குக் கீழே இறங்கினால், ஸ்டார்ட் ஆகும் முன்பே பி0192 எரர் கோடு. தப்பித்து ஸ்டார்ட் ஆனாலும் ஐடிலில் கடகடவென்று டீசல் நாக். சுமாரானவற்றில் மைக்ரோகன்ட்ரோலர் இருக்கும், ஐடிலில் கை வைக்காமல் லோடு ஏறும்போது மட்டும் குறைக்கும். ரெயில் சென்சார் டிஜிட்டலாகப் பேசும் புதிய வண்டிகளில் இரண்டுமே உதவாது. ஸ்கேனர் மாட்டும் ஓபிடி போர்ட்டில் செருகினால் போதும் என்று வரும் சிப்பைப் பற்றிப் பேசவே தேவையில்லை. திறந்து பார்த்தால், வண்டியின் கம்ப்யூட்டர்களோடு பேச வேண்டிய கேன் டிரான்ஸீவர்கூட இல்லாமல் எல்இடி மட்டும் மினுக்கும் ரகங்கள் அதில் உண்டு.

மாட்டியே தீருவேன் என்பவர்களுக்கு: சாவியை எடுத்து 10 நிமிடம் விட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சென்சாரின் கப்ளரை மட்டும் லாக் அழுத்தி உருவுங்கள். சென்சாரை ஸ்பேனர் போட்டுத் தொடக் கூடாது. அங்கே கசியும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வயரை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கட்டி, டயலை ஆகக் குறைவான எண்ணில் வையுங்கள்.

சோதிப்பதற்கு ஸ்கேனரை நம்பாதீர்கள். இசியு ஏமாந்திருக்கிறது, ஸ்கேனர் இசியுவிடம்தான் கேட்கிறது. ரெயிலில் 1700 இருந்தாலும் திரையில் 1600 என்றே வரும். மல்டிமீட்டர் ஊசியைக் கப்ளரின் பின்பக்கமாகச் சிக்னல் வயரில் நுழைத்து, பெட்டிக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். மேலே சொன்ன சென்சாரில் ஐடிலில் 300 பார் என்றால் இரு பக்கமும் 1.1 வோல்ட் வர வேண்டும். ஐடிலிலேயே வித்தியாசம் இருந்தால் அது ரெசிஸ்டர் பெட்டி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மைலேஜ் கதையும் இதே பித்தலாட்டம்தான். டாஷ்போர்டு மீட்டர், இசியு செலுத்தியதாக நினைக்கும் டீசலை வைத்துக் கணக்குப் போடுகிறது. கூடுதலாகப் போனது அதற்குத் தெரியாததால் மைலேஜ் ஏறியதுபோல் காட்டும். டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தால்தான் உண்மை.

டிபிஎஃப் இல்லாத பழைய வண்டி, எப்போதாவது மணல், டயல் நடுவுக்குக் கீழே என்றால் பெட்டி சமாளிக்கும். மற்றவர்களுக்கு இசியு ஃபைலையே திருத்தி எழுதும் ரீமேப்தான் சரி, அதுவும் டிபிஎஃபையும் ஈஜிஆரையும் தொடாத ஃபைல். ரீமேப்பில் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்), டீசல், டைமிங், புகை வரம்பு நான்கும் ஒன்றையொன்று தெரிந்து மாறும். எழுதும்போது பேட்டரிக்குச் சார்ஜர் போட்டிருக்கிறார்களா, ஒரிஜினல் ஃபைலை உங்கள் கையில் தருகிறார்களா என்று பாருங்கள். நடுவில் வோல்டேஜ் விழுந்தால் இசியு செத்துவிடும்.

பெட்டிக்கு ஒரே ஒரு வசதி, கழற்றுவது சுலபம். ஓடையில் இறங்கி ஏறியதும் வண்டி திக்கினால் முதல் சந்தேகம் அதன் கப்ளரில் புகுந்த ஈரம்தான். பெட்டியை உருவிவிட்டு, சென்சார் கப்ளரைத் துடைத்து, வண்டியின் ஒரிஜினல் வயரிங்கில் நேராகச் செருகி, எரர் கோடை ஸ்கேனரில் அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.