4 ஜிபி ரேம் உள்ள லேப்டொப்பில் படம் திருத்த எது சரிவரும்?

மருமகளின் சாமத்தியச் சடங்குக்குப் படம் எடுத்தது நான்தான். திருத்துவதற்கு டவுனில் ஒரு கடைக்காரர் 'ஃபுல் வேர்ஷன்' என்று சொல்லி, போட்டோஷொப் திருட்டுப் பிரதியைப் பென் டிரைவில் ஏற்றித் தந்தார். கூடவே வைரஸும் வந்து பாதிப் படத்தைத் தின்றுவிட்டது. அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். அதோடு நான் இலவசமாகக் கிடைப்பவற்றின் பக்கம் வந்துவிட்டேன்.

போனில் மட்டும் வேலை என்றால் ஸ்னாப்சீட் தாராளம். கூகுளுடையது, காசும் கேட்காது, விளம்பரமும் காட்டாது. மட்டக்களப்பு கல்லடிப் பழைய பாலத்தில் பின்னேரம் மருமகனை நிறுத்தி எடுத்தேன். வாவி பளபளக்கிறது, பிள்ளையின் முகமோ கரிச்சட்டி. செலக்டிவ் கருவியை எடுத்துக் கன்னத்தில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைச் சுருக்கி, வலப்பக்கம் இழுத்தேன். முகம் மட்டும் தெளிந்தது, வாவி அப்படியே நின்றது.

ஆனால் லேயர் வைத்து, அதாவது படங்களை அடுக்கடுக்காகப் போட்டு, ஆல்பம் செய்ய அது உதவாது. அதற்குப் போட்டோபீ. ப்ரவுசரிலேயே ஓடும், போட்டோஷொப்பின் பிஎஸ்டி கோப்பும் திறக்கும். படம் எங்கேயும் அப்லோட் ஆகாமல் நம் கணினியிலேயே வேலை நடப்பதால் டேட்டாவும் மிச்சம். ஓரத்தில் விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளலாம்.

அழைப்பிதழில் பெயர் எழுத நான் திறப்பது ஜிம்ப் என்ற இலவச மென்பொருள். யூனிகோடில் 'கொ' அடித்தால் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் உட்காரும். பழைய போட்டோஷொப் பதிப்புகளில் அதற்கு எழுத்து அமைப்புக்குள் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவைப் போடவேண்டியிருந்தது. அது தெரியாதவர்கள் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவிலேயே காலத்தை ஓட்டினார்கள். 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0இல், ஃபில்டர் போட்ட பிறகும் திரும்பிப் போய்க் கூட்டிக் குறைக்கலாம். சரி, புதிதாகப் பழகுபவருக்கு முதல் வாரம் எது எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே போய்விடும். ஸ்னாப்சீட் பழகிய கைக்கு இது வேறு ஊர்.

அஃபினிட்டி என்ற படம் திருத்தும் மென்பொருள் முன்பு ஒரே தடவை காசு கட்டி வாங்குவது. 2025 அக்டோபரிலிருந்து கன்வா கணக்கு திறந்தால் இலவசம். புதுக் கணினி வைத்திருக்கும் மச்சானுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். போட்டோஷொப்பை விற்கும் அடோபிக்கு மாதாமாதம் டொலர் கணக்கில் கட்டுவது, கல்யாண ஓர்டர் வரிசையில் நிற்கிறவர்களுக்கே கட்டுப்படியாகும்.

மிஞ்சிய சாமத்தியப் படங்களை ஜிம்பில் முடித்துக் கொடுத்துவிட்டேன். ஆல்பத்தின் முன்பக்கத்துக்கு எது என்று அக்கா இன்னும் சொல்லவில்லை.