லோகோவா கரகமா, பெங்களூருக்கு எது அடையாளம்?

2017 டிசம்பர்ல பெங்களூருக்குன்னு தனி லோகோ விட்டாங்க, இந்தியாவுல ஒரு சிட்டிக்கு லோகோ வந்தது அதான் முதல் தடவைன்னு பேசிக்கிட்டாங்க. கன்னட எழுத்தும் இங்கிலீஷ் எழுத்தும் கலந்து, முதல் ரெண்டு எழுத்தையும் கடைசி எழுத்தையும் சிவப்பாக்கி 'பி யூ' (Be U, அதாவது நீ நீயா இரு)ன்னு படிக்கிற மாதிரி. டிசைன் நல்லாருக்கு, போஸ்டர்ல டி-ஷர்ட்ல போடலாம், ஆனா அதுக்கு மேல அது ஒண்ணும் செய்யாது.

பெங்களூரு கரகத் திருவிழா அப்படி இல்லங்க. சைத்ர பௌர்ணமி ராத்திரி திகளர்பேட்டை தர்மராயசாமி கோயில்லேர்ந்து திரௌபதியம்மன் கரகம் கிளம்பும், புடவை கட்டுன பூசாரி, தலையில மல்லிப்பூ கோபுரம், கைல தொடவே மாட்டாரு, சுத்தி உருவின கத்தியோட வீரகுமாரர்கள், கோவிந்தா கோவிந்தான்னு சத்தம், அப்படியே காட்டன்பேட்டை மஸ்தான் சாயபு தர்காவுக்கும் போயிட்டுத்தான் திரும்பும். வட தமிழ்நாட்டுல திரௌபதியம்மன் திருவிழா பாத்து வளர்ந்த நம்மாளுங்களுக்கு அந்த ராத்திரி இது அசலூருன்னே தோணாது.

செலவும் வேற மாதிரி. லோகோவுக்கு ஒரு தடவ டிசைனர் காசு கொடுத்தா முடிஞ்சுது. கரகத்துக்கு தெரு வேணும், தண்ணி வேணும். சடங்கு நடக்குற சம்பங்கி ஏரி முக்கால்வாசி கண்டீரவா ஸ்டேடியம் ஆகிப்போச்சு, இதுக்குன்னு ஒரு சின்ன குளம்தான் மிச்சம், திருவிழா இல்லன்னா அதுவும் போயிருக்கும்னு நெனக்கிறேன். கல்ச்சர் ஒரு ஊரோட நிலத்தையே காப்பாத்துதுன்னா இதவிட பெரிய பிராண்டிங் என்ன வேணும், அதனால என் ஓட்டு கரகத்துக்குத்தான், விளம்பர பட்ஜெட்ட மொதல்ல கரகம் போற பழைய பேட்டை தெருக்கள்ல தொங்குற ஒயர சரி பண்ணவும் அந்த குளத்த தூர்வாரவும் போடுங்க.