டாஹ்டி: கார்டு சரி, கெர்னல் சரியா?

அனலாக் தொலைபேசி லைனையோ, பல அழைப்புகளை ஒன்றாகச் சுமக்கும் ஈ1, டி1 டிஜிட்டல் இணைப்பையோ லினக்ஸ் பெட்டிக்குள் கொண்டுவந்து ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் மென்பொருளிடம் ஒப்படைக்கும் டிரைவர் தொகுப்புதான் டாஹ்டி. 2008 வரை இதன் பெயர் ஜாப்டெல். வணிக முத்திரைச் சிக்கலால் பெயர் மாறியது. பழைய குறிப்புகளில் ஜாப்டெல்.கான்ஃப் என்று வந்தால் சிஸ்டம்.கான்ஃப் என்றும், ஜபாடா.கான்ஃப் என்று வந்தால் சான்_டாஹ்டி.கான்ஃப் என்றும் படித்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் டாஹ்டி மிக நம்பகமானது. குரல் தெளிவிலும் தாமதத்திலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தானாக அப்டேட் ஆகும் சர்வரில் இதை நிறுவினால் நிம்மதி இருக்காது. டாஹ்டியின் மாட்யூல்கள், அதாவது கெர்னலில் ஏறும் டிரைவர்கள், கெர்னலின் மூல மரத்தில் இல்லை. வெளியிலிருந்து கம்பைல் செய்யப்படுபவை. கெர்னல் 4.15இல் பழைய டைமர் அமைப்பு போனது, 5.6இல் ப்ராக் கோப்புகளுக்கான அமைப்பு மாறியது, 5.18இல் பழைய பிசிஐ டிஎம்ஏ அழைப்புகள் நீக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் பழைய பதிப்பு கம்பைல் ஆகாமல் நிற்கும். கெர்னல் மாறும்போது மாட்யூலைத் தானே கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ் போட்டாலும் இதற்குத் தீர்வு கிடைக்காது; அது மறுபடி கம்பைல் செய்யுமே தவிர, பொருந்தாமல் போன நிரலைத் திருத்தாது. ஓடுகிற கெர்னலை, தானாக அப்டேட் ஆகாதபடி ஹோல்டில் போட்டுவிட்டு, அப்டேட்டை முதலில் வேறொரு பெட்டியில் சோதித்துப் பார்ப்பதே சரியான முறை.

நிறுவுவதில் பெரிய சிரமமில்லை. யூநேம் கட்டளை காட்டும் கெர்னல் பதிப்புக்கு எழுத்துப் பிசகாமல் பொருந்தும் கெர்னல் ஹெடர் கோப்புகள் வேண்டும். பிறகு மேக், மேக் இன்ஸ்டால், மேக் இன்ஸ்டால்-கான்ஃபிக். கையெழுத்திடாத மாட்யூலை ஏற்காத செக்யூர் பூட் இயங்கும் கணினியில் மாட்யூல் ஏறாமல், தேவையான சாவி இல்லை என்ற பிழை வரும். மாட்யூலில் கையெழுத்திட்டு, மோக்யூட்டில் கட்டளை மூலம் சாவியைப் பதிவு செய்ய வேண்டும்.

பழைய கார்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: டிடிஎம்400பி கார்டுக்கான டபிள்யூசிடிடிஎம் டிரைவர் 3.0 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. அது உள்ள 2.11 வரிசைக்கு, அதற்கேற்ற பழைய கெர்னலும் வேண்டும். இதே கார்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. கெர்னலோடு வரும் நெட்ஜெட் என்ற ஐஎஸ்டிஎன் டிரைவர், கார்டில் உள்ள டைகர்ஜெட் சிப்பைப் பார்த்துத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளும். எல்எஸ்பிசிஐ கட்டளையை -கே சேர்த்து ஓட்டினால் கார்டு யார் கையில் இருக்கிறது என்று தெரியும். நெட்ஜெட்டை பிளாக்லிஸ்ட் செய்து (தானாக ஏறாமல் தடுத்து) ரீபூட் செய்தால் சரியாகும். கார்டின் மேல் பச்சை நிற எஃப்எக்ஸ்எஸ் மாட்யூல் (போன் கருவி மாட்டுவதற்கான சிறு பலகை) பொருத்தியிருந்தால், பவர் சப்ளையின் நான்கு முனை கனெக்டரைக் கார்டில் செருக மறக்கக் கூடாது. மறந்தால், மாட்யூலுக்கு மின்சாரம் ஏறவில்லை என்று கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி புலம்பும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது சிக்னலிங்கில். வெளி லைன் வந்து சேரும் எஃப்எக்ஸ்ஓ போர்ட்டுக்கு, சிஸ்டம்.கான்ஃபில் எஃப்எக்ஸ்எஸ்கேஎஸ் என்று எழுத வேண்டும். போன் கருவி மாட்டும் எஃப்எக்ஸ்எஸ் போர்ட்டுக்கு எஃப்எக்ஸ்ஓகேஎஸ். எதிர்முனையின் மொழியில் பேச வேண்டும் என்பதால் இப்படித் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். மாற்றி எழுதினால், இந்த அமைப்பைக் கார்டுக்கு ஏற்றும் டாஹ்டி_சிஎஃப்ஜி கட்டளை 22 என்ற பிழை எண்ணோடு நின்று, எஃப்எக்ஸ்எஸ்ஸுக்கு எஃப்எக்ஸ்ஓ சிக்னலிங் என்பதை மறந்துவிட்டீர்களா என்று கேட்கும். பிழைச் செய்தியே தீர்வைச் சொல்வது லினக்ஸ் உலகில் அபூர்வம். எழுதியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். டாஹ்டி_ஜென்கான்ஃப் இந்த வரிகளைத் தானே எழுதித் தரும், அனலாக் கார்டுக்கு அதுவே போதும். சான்_டாஹ்டி.கான்ஃபிலும் அதே சிக்னலிங் இருக்க வேண்டும்.

ஈ1 என்றால் ஜென்கான்ஃபை அப்படியே நம்பாதீர்கள். சிஸ்டம்.கான்ஃபில் ஸ்பான் (கார்டில் வந்து சேரும் ஒரு ஈ1 இணைப்பு) வரி இப்படி இருக்கும்: 1,1,0,சிசிஎஸ்,எச்டிபி3,சிஆர்சி4. முதல் எண் ஸ்பான், மூன்றாவது கேபிள் நீளத்துக்கான அளவு. இரண்டாவது எண்தான் உயிர்நாடி. அது 1 என்றால் சேவை நிறுவனத்தின் கடிகாரத்தையே முதன்மையாகக் கொள்கிறோம். 0 என்றால் அந்த ஸ்பானிலிருந்து கடிகாரம் எடுப்பதில்லை. சேவை நிறுவன இணைப்புக்கு 0 போட்டுவிட்டாலும் அழைப்புகள் போகும், அதனால் தவறு உடனே தெரியாது. நாள் போகப் போக 'டிக் டிக்' சத்தம், பாதியில் அறுந்துபோகும் ஃபேக்ஸ், அழைப்புச் சமிக்ஞைகள் போகும் டி-சேனலில் எச்டிஎல்சி அபார்ட் (செய்தி பாதியில் முறிதல்) பிழைகள் என்று ஒவ்வொன்றாக வெளிவரும். சிஆர்சி4 என்ற பிழைச் சரிபார்ப்பு வேண்டுமா வேண்டாமா என்பதை நிறுவனத்திடம் கேட்டே எழுத வேண்டும். குரல் போகும் பி-சேனல்கள் 1-15, 17-31, டி-சேனல் 16. கார்டு டி1 நிலையிலேயே எழுந்தால் மாட்யூலுக்கு டிஃபால்ட்_லைன்மோட் மதிப்பை ஈ1 என்று கொடுக்க வேண்டும்.

அமைத்து முடித்ததும், கார்டின் நேரத் துல்லியத்தை அளக்கும் டாஹ்டி_டெஸ்ட்டைச் சில நிமிடங்கள் ஓட விடுங்கள். துல்லியம் 99.98 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கார்டின் இன்டரப்ட்டுகள் (கவனிக்கச் சொல்லி ப்ராசஸருக்கு அனுப்பும் அழைப்புகள்) தவறுகின்றன என்று பொருள். ப்ராக் அடைவில் இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்து, டிஸ்க் கன்ட்ரோலரோ நெட்வொர்க் கார்டோ அதே எண்ணைப் பகிர்கிறதா என்று பாருங்கள். பகிர்ந்தால் ஸ்லாட்டை மாற்றுங்கள். எதிரொலியை நீக்கக் கார்டிலேயே ஹார்டுவேர் கேன்சலர் இருந்தால் அதுவே மேல். இல்லாவிட்டால் எம்ஜி2 அல்லது ஆஸ்லெக் என்ற மென்பொருள் கேன்சலர்.

இரண்டு கார்டுகள் உள்ள பெட்டியில், எந்த மாட்யூல் முதலில் ஏறுகிறதோ அதற்கே ஸ்பான் 1 போய்ச்சேரும். அதனால்தான் டாஹ்டி தன் கார்டு டிரைவர்களைத் தானே பிளாக்லிஸ்டில் வைத்து, பின்னர் தொடக்க ஸ்கிரிப்ட் மூலம் ஏற்றுகிறது. அந்த பிளாக்லிஸ்ட் கோப்பைத் தவறென்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். வரிசையை மாற்ற, டாஹ்டி அடைவில் உள்ள மாட்யூல்ஸ் கோப்பைத் திருத்தினால் போதும்.