பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் – இதில் ஆயுதம் வாய்தான்

பிளாக் ஐல் ஸ்டுடியோஸ் உருவாக்கி, 1999 டிசம்பரில் நான்கு சிடிகளில் வெளிவந்த கணினி கேம் இது; கதாபாத்திரத்தை நாமே வளர்த்துக் கதையை நடத்திச் செல்லும் வகை. இன்றும் இதை ஆரம்பத்திலிருந்து திரும்ப விளையாடுகிறார்கள். கிராஃபிக்ஸுக்காக அல்ல, சண்டைக்காக நிச்சயமாக அல்ல. இதில் நீங்கள் சொல்லும் சொல்லுக்குக் கணக்கு இருக்கிறது, அதற்காக.

பிணவறைக் கல்மேடையில் கண் விழிக்கிறான் ஒருவன். பெயர் நினைவில்லை, செத்தாலும் சாவதில்லை. அவனுடைய ஆறு பண்புகளும் 9-இல் தொடங்கும்; பங்கிட்டுக்கொள்ள 21 புள்ளிகள் கிடைக்கும். மற்ற கேம்களின் பழக்கத்தில் அதையெல்லாம் வலிமையில் கொட்டுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. ஞானம் 18, அறிவு 16, வசீகரம் 14 என்று வையுங்கள்; 21-உம் சரியாகத் தீர்ந்துவிடும். ஞானம் உயர்ந்தால் அனுபவப் புள்ளிகள் கூடுதலாக வரும், மறந்துபோன நினைவுகள் உரையாடலின் நடுவே திறக்கும். அவை திறக்காவிட்டால் பாதிக் கதை கண்ணில் படாமலே போய்விடும். தொடக்கத்தில் அடி வாங்குவீர்கள், பயப்பட வேண்டாம். விழுந்தால் பெரும்பாலும் வேறோர் இடத்தில் எழுந்து தொடரலாம். ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு புள்ளி வரும், வலிமையை அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கதை நடக்கும் சிகில் நகரத்து அப்பாவிகளைக் கொன்று குவித்து, அந்நகரை ஆளும் வேதனைச் சீமாட்டியின் கோபத்துக்கு ஆளாகாதீர்கள். முதல் முறை புதிர்ப்பாதைக்குள் தள்ளுவாள், அடுத்த முறை உண்மையாகவே முடித்துவிடுவாள்.

உரையாடல்தான் இந்தக் கேமின் உயிர். சில இடங்களில் ஒரே வாக்கியம் இரண்டு முறை இருக்கும்: ஒன்றன் முன்னால் 'உண்மை', மற்றொன்றன் முன்னால் 'பொய்' என்று போட்டிருக்கும். எதிரே நிற்பவர் காதில் விழுவது ஒன்றுதான்; ஆனால் உங்கள் மனதில் இருந்ததை கேம் குறித்துக்கொண்டு, குணத்தை அதற்கேற்ப நகர்த்தும். 'என் பெயர் அடான்' என்று போகிற இடமெல்லாம் பொய் சொல்லிப் பாருங்கள். போதுமான பேர் நம்பியபின் அடான் என்று ஒருவன் நிஜமாகவே முளைத்திருப்பான். நம்பிக்கை உலகத்தை வளைக்கும் என்பது இந்தக் கதையின் அடித்தளம். அதைப் பாடமாகச் சொல்லாமல், உங்கள் கையாலேயே செய்ய வைத்துவிடுகிறார்கள். இவ்வளவு நேர்த்தி அதன்பின் வந்த எத்தனையோ பெரிய கேம்களிலும் கிடைக்கவில்லை.

கூட்டாளிகளில் டக்கோனை விட்டுவிடாதீர்கள். சிகிலின் ஹைவ் பகுதி மதுக்கடையில் இருப்பார். அவர் இனத்தின் முன்னோடியான செர்த்திமோனின் போதனைகளைக் கொண்ட வட்டத் தகடு ஒன்று அவரிடம் உண்டு; அதைப் பற்றி அடிக்கடி கேளுங்கள். ஒவ்வொரு அடுக்காகப் பிரியும். ஒவ்வொன்றிலும் ஒரு கதை. கதை புரிந்ததா என்று அவர் கேட்பார். ஞானம் போதாவிட்டால் பாதியில் நின்றுவிடும். கடைசிவரை போனவர்களுக்குத்தான் ஆசிரியர் யார், மாணவர் யார் என்ற குழப்பத்தின் அருமை தெரியும். பச்சை குத்தும் ஃபெல்லிடம் போகும்போதும் அவரைக் கூட்டிச் செல்லுங்கள். ஃபெல் சித்திரக் குறிகளால் பேசுபவர், டக்கோன் மொழிபெயர்ப்பார்.

மந்திரவாதியாக மாற மெபெத் கிழவியிடம் போக வேண்டும். முள்விதை, கஞ்சி போட்ட துணி, மை என்று மூன்று வேலைகளுக்கு அலைய விடுவாள். சலிக்காமல் செய்யுங்கள், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அவளிடம் பேசுங்கள்.

குப்பை பொறுக்குவோரின் தலைவன் ஃபாரோட் தேடச் சொல்லும் வெண்கல உருண்டையை, அது மறுபடி கைக்கு வந்தபின், விற்கவே கூடாது. உபயோகமில்லாத பொருள்போல் தெரியும், கடைசிவரை வைத்திருங்கள். ராவல் என்ற சூனியக்காரியின் புதிர்ப்பாதைக்குள் நுழைந்தபின் நெடுநேரம் சிகிலுக்குத் திரும்ப முடியாது. ஆகவே அதற்குமுன் நகரத்து வேலைகளை முடித்துவிட்டு, தனியாக ஒரு சேவ் எடுத்து வையுங்கள். மோட்ரான்கள் என்ற இயந்திர உயிர்களின் கனசதுரத்தில், அங்குள்ள கடினத்தைக் 'கடினம்' என்று மாற்றினால்தான் நோர்டோம் என்ற கூட்டாளி கிடைப்பான். பலர் இதைத் தெரியாமலே கேமை முடித்திருக்கிறார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். கதையின் பிற்பகுதியில் வரும் கர்ஸ்ட் நகரத்துக்குப் பிறகு பேச்சு மெலிந்து, சண்டை பெருகுகிறது. அந்தச் சண்டையில் நுட்பம் குறைவு. பெரிய மந்திரங்கள் ஒவ்வொன்றும் குறும்படம்போல் ஓடும், முதலில் அழகு, பிறகு தொல்லை. அந்தக் கட்டத்தில் கேமின் கடினத்தைத் தயங்காமல் குறைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு நட்டமில்லை.

எந்தப் பதிப்பு? 2017-இல் பீம்டாக் வெளியிட்ட மேம்பட்ட பதிப்பு போதும். இன்றைய திரைகளுக்குப் பொருந்தும், எழுத்தைப் பெரிதாக்கலாம், கைபேசியிலும் ஓடும். பழைய சிடி வைத்திருப்பவர்களுக்குக் கிடைப்பது 640×480 மட்டும். அகலத்திரை மோடை (ரசிகர்கள் செய்த மாற்றுநிரலை) மட்டும் போட்டால் ஆட்கள் எறும்பாகிவிடுவார்கள், எழுத்து படிக்க முடியாது. இடைமுக மோடும் சேர்த்தே போட வேண்டும், அதுவும் புது ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே.

தமிழில் இந்தக் கேம் இல்லை. ஆங்கிலமும் பாடப்புத்தக ஆங்கிலம் அல்ல, லண்டன் திருடர்களின் பழைய கொச்சையை எடுத்து ஆண்டிருக்கிறார்கள். 'ஜிங்க்' என்றால் காசு, 'பெர்க்' என்றால் முட்டாள், 'கட்டர்' என்றால் துணிச்சல்காரர். முதல் இரண்டு மூன்று மணி நேரம் தடுக்கும். அகராதியில் தேட வேண்டாம், பிணவறையிலிருந்து கூடவே மிதந்து வரும் மோர்ட் என்ற மண்டையோடு பேசுவதைக் கவனியுங்கள். அவன் வாயிலிருந்தே பாதி விளங்கிவிடும்.