மதுரைக்கு அனுப்பப்படும் விபத்து நோயாளிகளின் வீட்டார் கவனத்துக்கு

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு (அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு) நோயாளியைக் கொண்டுவரும் வழியில் ஒரு கொள்ளை நடக்கிறது. எங்கள் குடும்பத்தை அது எப்படிப் பிடித்தது என்று விவரமாக எழுதுகிறேன். ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

என் அக்காவின் கணவர் பரமக்குடிப் பக்கம் இரவில் பைக்கில் வரும்போது, குறுக்கே வந்த மாட்டின் மேல் மோதி விழுந்தார். பக்கத்து ஊர் அரசு மருத்துவமனையில் தையல் போட்டார்கள். அவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பதைக் கண்ட பணி மருத்துவர், தலைக்குள் அடிபட்டிருக்கலாம், உடனே மதுரைக்குப் போக வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்து, 108 வண்டிக்கும் சொல்லிவிட்டார். அவர் செய்தது முற்றிலும் சரி.

வண்டி வருவதற்குள் வாசலில் நின்ற தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அக்காவிடம் வந்திருக்கிறான். “108 வர ஒரு மணி நேரம் ஆகும் அக்கா, அதுவரை தாங்குவாரா? பெரியாஸ்பத்திரியில் படிக்கிற பையன்கள்தான் பார்ப்பார்கள். உங்கள் வீட்டுக்காரரை வைத்துத்தான் தொழில் பழகுவார்கள்.” கணவர் ரத்தத்தோடு கிடக்கும்போது இதைக் கேட்கிற எந்தப் பெண்ணுக்குத்தான் கை கால் ஓடும்? வாடகை 9,000 ரூபாய் பேசி ஏற்றிவிட்டான்.

திருப்புவனம் தாண்டியதும் அவனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. “பெரியாஸ்பத்திரியில் பெட் இல்லையாம்” என்றான். விரகனூரில் ஊருக்குள் போக வேண்டிய வண்டி ரிங் ரோட்டில் திரும்பி, ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் நின்றது. உள்ளே தூக்கிப்போனதும் அந்த ஓட்டுநர் வரவேற்பு மேசையில் இருந்த நீள நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓர் உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்ததை அக்கா கண்ணால் பார்த்திருக்கிறார். அது ஆள் கொண்டுவருவோருக்குத் தரகு கொடுக்கும் நோட்டு என்று அப்போது அவருக்குப் புரியவில்லை.

முன்பணம் 50,000 கட்டிய பிறகுதான் ஸ்கேன். மூளையின் மேல் ரத்தம் கட்டியிருந்தது. மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர் ‘வந்துகொண்டிருக்கிறார்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் திருப்பூரிலிருந்து வந்து சேரும் வரை வரவில்லை. அங்கே அப்படி ஒருவர் நிரந்தரமாக இல்லவே இல்லை என்று ஒரு செவிலியர் மெதுவாகச் சொன்னார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டினால், விபத்துக்கு அது செல்லாது என்றார்கள். அது பச்சைப் பொய். அவர் நினைவு தப்பத் தொடங்கியதும், அறுவைச் சிகிச்சைக்கு 4 லட்சம் கட்டுங்கள், முடியாவிட்டால் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். வரும்போது இல்லாத பெட், எங்கள் பணம் தீர்ந்ததும் அங்கே வந்துவிட்டது!

மொத்தம் 1,86,400 ரூபாய். பில் வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதியது. பதிவு எண் இல்லை, மருந்துகளின் பெயர் இல்லை, ‘ஐ.சி.யு. மற்றும் இதர’ என்று ஒரே வரியில் 92,000. முழுப் பணமும் கட்டும் வரை ஸ்கேன் படத்தைக் கையில் தரவில்லை. அந்தப் படத்துக்காக ஓடியதில் ஒரு காலைப்பொழுதே போயிற்று.

பெரியாஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் நுழைந்ததும், நிலைமையைப் பார்த்துச் சிவப்புப் பிரிவில் சேர்த்தார்கள். சிவப்பு என்றால் காத்திருக்க வேண்டியதில்லை. மஞ்சளும் பச்சையும் அடுத்தடுத்து. ஓர் இளம் மருத்துவர் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தபடியே, கடைசியாக எப்போது தெளிவாகப் பேசினார் என்று கேட்டார். முதுநிலை மாணவர்தான். ஆனால் அவருக்கு மேலே உதவிப் பேராசிரியர், அவருக்கு மேலே யூனிட் தலைவர். எங்கள் கண் முன்னாலேயே மேலே தகவல் போனது. அன்று மாலையே அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். படிக்கிறவர்கள் இருப்பதால்தான் நள்ளிரவிலும் நோயாளியின் அருகில் ஒரு மருத்துவர் நிற்கிறார். எர்ஸ்கின் மருத்துவமனை என்ற பெயரில் இருந்த காலம் தொட்டும், 1954-இல் மதுரை மருத்துவக் கல்லூரி வந்த பிறகு இன்னும் அதிகமாகவும், தென்மாவட்டங்களின் கடைசி நம்பிக்கை அந்த இடம்தான். 2022-இல் ராமநாதபுரம், விருதுநகர், திண்டுக்கல்லில் புதிய கல்லூரிகள் திறந்த பிறகும் சிக்கலான நோயாளிகள் அங்கேதான் வந்து சேர்கிறார்கள். கூட்டம் நெரியத்தான் செய்யும். அந்தக் கூட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவதுதான் இந்தத் தரகர்களின் முதலீடு.

அவசர நேரத்தில் நினைவில் வைக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். 108 வண்டி இலவசம். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் அதே வண்டிதான். ‘பெட் இல்லை’ என்று ஓட்டுநர் சொன்னால் நம்பாதீர்கள். அதைச் சொல்ல வேண்டியது மருத்துவர். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்ட எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. தொடக்கத்தில் உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். காப்பீட்டு அட்டை இல்லாதவர்க்கும், வெளிமாநிலத்தவர்க்கும் உண்டு. ஆனால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். தனியாரிடம் போயே ஆக வேண்டுமென்றால் உள்ளே கால் வைக்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். எங்களைக் கொண்டுபோன இடம் அதில் இல்லை. அதை அவர்கள் கடைசி வரை சொல்லவும் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு 1800 425 3993 என்ற இலவச எண் இருக்கிறது. எந்த மருத்துவமனையில் அட்டை செல்லும் என்று அங்கே கேட்கலாம்.

அக்காவின் கணவர் பிழைத்துவிட்டார். வலது கையில் இன்னும் பலம் வரவில்லை, பிசியோதெரபி போய்க்கொண்டிருக்கிறது. தாமதம் இல்லாவிட்டால் கை தேறியிருக்குமா என்று கேட்டேன், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அக்கா அதையே நினைத்து நினைத்து உருகுகிறார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

விவரமான பில் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறோம். தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்து கண்காணிக்கும் பொறுப்பு மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கு உண்டு. அங்கே புகார் கொடுத்தாயிற்று. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. இதே வழியில் ரிங் ரோட்டுக்குத் திருப்பப்பட்டவர்கள் யாராவது இருந்தால் பில்லையும் வண்டி எண்ணையும் பத்திரமாக வைத்திருங்கள். நீங்களும் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.